தெற்குத் துளையில் ஒரு பூஜ்யம்

முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு கரும்பாலையில் எடைமேடை எழுத்தராக இருந்தேன். பதினான்கு ஆண்டுகள் வௌவால் எண்ணினேன். இரண்டிலிருந்தும் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றேன். ஆலையில் சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். வௌவால் வேலைக்குச் சம்பளமும் இல்லை, நியமன உத்தரவும் இல்லை. அதனால் ஓய்வு உத்தரவும் வரவில்லை. வலது கண்ணில் புரை விழத் தொடங்கி, அந்தி வெளிச்சத்தில் ஒரு வௌவால் இரண்டாகத் தெரிந்த நாளில் நானே நிறுத்திக்கொண்டேன். "ரெண்டா தெரிஞ்சா பாதியாக்கி எழுதுங்க சார், கணக்கு சரியாப் பூடும்" என்றார் கூட எண்ணும் ஜாபர் பாய்.

இந்த ஆண்டு வௌவால் எண்ணும் எங்கள் குழுவுக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும். சுவரில் கட்டித் தொங்கவிட்டால், நம் காதுக்கு எட்டாத வௌவால் குரல்களை விடியும்வரை பதிவு செய்யும். மறுநாள் கணினியில் போட்டால், வந்தது எந்த இனம், எத்தனை மணிக்கு வந்தது என்று பட்டியல் தரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இது இல்லாமல் எப்படி எண்ணினீர்கள் என்பது முதல் கேள்வி. எண்ணியது சரியாக இருந்ததா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டுக்கு வந்து என் நாட்குறிப்புகளை எடுக்க வேண்டியிருந்தது.

நான் குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு விளக்கு. அரவைப் பருவத்தில் எடைமேடை விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும். பூச்சியைத் தின்னச் சிறு வௌவால்கள் வரும். உடம்பு கட்டைவிரல் நீளந்தான் இருக்கும். ஒரு கரும்பு டிராக்டர் மேடையில் ஏறி இறங்குவதற்குள் அவை எத்தனை தடவை விளக்கைக் கடக்கின்றன என்று நாட்குறிப்பில் எழுதி வந்தேன். எதற்காக என்று கேட்டால் பதில் இல்லை. எண்ண முடிகிற ஒன்று கண்ணெதிரே போகும்போது எண்ணாமலிருக்க எனக்கு வராது. ஆலை வண்டிகளைப் பழுது பார்க்க விழுப்புரத்திலிருந்து வரும் மெக்கானிக் ஜாபர் பாய் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். "இந்த பேஜாரு புடிச்ச வேலைய நாங்க ஒரு ஏழு பேரு சேந்து பண்ணிக்கினு இருக்கோம் சார். நீங்க தனியா பண்றீங்களே, எங்களாண்ட வந்துடுங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

குழுவை நடத்தியவர் ஸ்டெல்லா டீச்சர். திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. என்னைவிட ஒன்பது வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக்கொடுத்த படிவம் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும். சந்தேகப்பட்ட எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிய கேள்விக்குறி இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதில் எழுதாமல் அடுத்த படிவத்தை வாங்க மாட்டார். ஐம்பது, நூறு என்று உருண்டையாக வரும் எண்கள் அவருக்குப் பிடிக்காது. நான் முதன்முதலில் கொடுத்த எண்ணிக்கை நூற்றைம்பது. "சரியா நூத்தைம்பதா? அதுங்க பேசி வச்சிக்கிட்டு வந்துச்சா சார்?" என்றார். அன்று நான் நூற்று நாற்பத்தேழு எண்ணிவிட்டு, மூன்றைத் தவறவிட்டிருப்பேன் என்று கூட்டி எழுதியிருந்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், தவறவிட்டதை நினைத்து எழுதாதீர்கள் என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி ஏறக்குறைய அவ்வளவுதான்.

எண்ணும் முறை இது. சூரியன் மறைவதற்கு நாற்பது நிமிடம் முன்பே போய் உட்கார வேண்டும். துளைக்குப் பின்னால் வெளிச்சமான வானம் தெரியும்படி இடம் பிடிக்க வேண்டும். ஒரு துளைக்கு இரண்டு பேர். இருவரும் பேசக்கூடாது, ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒப்பிடலாம். ஜெபம் எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் சிறு எண்ணி உண்டல்லவா, அதில் இரண்டு வைத்திருப்போம். வெளியே போவதற்கு வலது கை, உள்ளே திரும்புவதற்கு இடது கை. சில வௌவால்கள் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். வானிலை பார்க்க வருகின்றனவா, பயந்து திரும்புகின்றனவா என்று எனக்கு இன்றும் தெரியாது. எடைமேடைக்காரனுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுமையோடு வந்த வண்டியின் எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் கரும்பின் எடை. இங்கே வெளியே போனதில் உள்ளே திரும்பியதைக் கழித்தால் வௌவால். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்துவிடலாம்.

பூஜ்யத்துக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திண்டிவனம் சாலையில் கற்றுக்கொண்டேன். பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் ஒரு பெரிய புளியமரத்தை மாதம் ஒருமுறை பகல் பதினோரு மணிக்கு எண்ணி வந்தோம். ஒரு மாதம் போனபோது மரமே இல்லை. சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். அடிமரத்தை அறுத்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. எண்ண வேண்டிய கட்டத்தில் நான் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். கேள்விக்குறி வந்தது. "கோடு போட்டா நீங்க போகலைன்னு அர்த்தம். நீங்க போனீங்க, பாத்தீங்க, இல்ல. பூஜ்யம் எழுதுங்க. அதுவும் ஒரு எண்ணிக்கைதான்" என்றார் டீச்சர். எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதினேன்.

பெருமுக்கல் மலையில் பாறை இடுக்கு ஒன்றை எண்ணியபோது, கோயிலுக்கு ஏறி வந்த ஒருவர் எங்கள் பின்னாலேயே முக்கால் மணி நேரம் நின்றார். புதையலுக்குக் குறி பார்க்கிறோம் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல், "எவ்ளோ கெடச்சுது?" என்று கேட்டார். "முப்பத்தெட்டு" என்றார் ஜாபர் பாய். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஒரு பழைய நெல் கிடங்கில் நடந்ததையும் இங்கே குறித்தாக வேண்டும். ஏப்ரல் மாதம் எண்பதுக்கு மேல் இருந்த வௌவால்கள் மே மாதத்தின் கொடும் வெயிலில் ஒன்றுகூட இல்லை. தகரக் கூரை சுட்டதால் பக்கத்துக் கிணற்றுச் சுவரின் பொந்துகளுக்குக் குடி போயிருந்தன. மழை பெய்ததும் திரும்பி வந்தன. வெயில் ஏறினால் கூரையை விட்டுப் போய்விடும் என்று நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு போட்டிருக்கக் கூடாது.

இப்போதைய படிவத்தில் காற்று, மேகம், மழை, வெப்பம் என்ற கட்டங்களுக்குப் பிறகு 'மின்விளக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போட்டார்கள், எத்தனை மணிக்கு அணைத்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். புதியவர்கள் அதைப் பெரும்பாலும் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டம் முன்பு கிடையாது. அது வந்தது என்னால்தான்.

வளவனூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என் மனைவியின் ஊர். அங்கே ஓட்டுக் கூரை போட்ட பழைய தேவாலயம் உண்டு. ஓட்டுக்குக் கீழே பலகை அடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. தெற்குச் சுவரின் உச்சியில், காற்றுக்காக விட்ட, சாப்பாட்டுத் தட்டு அளவிலான ஒரு வட்டத் துளை. கூரைக்குள் போக வர வேறு வழி இல்லை. பல ஆண்டுகளாக அதில் சிறு வௌவால்கள் குடியிருந்தன. அந்தக் கட்டம் வந்த ஆண்டு மார்ச்சில் நூற்று அறுபத்து மூன்று எண்ணினேன். ஏப்ரலில் நூற்று எழுபத்தொன்று.

பலகை இடுக்கு வழியாக எச்சம் பீடத்தின் மேல் விழும். கோயிலைக் கூட்டி, பீடத் துணி துவைத்து, மணி அடிக்கும் சவரியம்மாளுக்கு அதனால் தினமும் வேலை. அதைவிட, திருவிழாக் கமிட்டித் தலைவருக்கு அது மானப் பிரச்சினை. அந்தத் தலைவர் ஆரோக்கியசாமி, என் மனைவியின் தம்பி, கட்டட மேஸ்திரி. இரண்டு ஆண்டுகளாக மாமியார் வீட்டில் நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதே பேச்சு.

"இன்னா மாமா, உங்க வாடகைக்காரங்க எப்ப காலி பண்றாங்களாம்? கோயிலுக்கு அட்வான்சாவது வாங்கிக் குடுங்க."

ஸ்டெல்லா டீச்சரை வரவழைத்துப் பேசினோம். மே மாதம் குட்டி போடும் காலம், குட்டிகள் பறக்க ஆரம்பிக்கும்வரை துளையை அடைக்கக்கூடாது என்றார் அவர். மே மாதந்தான் திருவிழா, அதற்குள் அடைத்து வெள்ளையடிக்க வேண்டும் என்றார்கள் கமிட்டியினர். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. திருவிழாவுக்கு முன் ஒரு மாலை இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணுவது. இருவருக்கும் பூஜ்யம் வந்தால் வௌவால்கள் போய்விட்டன என்று பொருள், அடைத்துக்கொள்ளலாம். ஒன்று வந்தாலும் ஜூலைவரை பொறுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நானும் ஜாபர் பாயும் போனோம். 5.50-க்கு உட்கார்ந்தோம். காற்று இல்லை, மேகம் இல்லை. சூரியன் மறைந்தது 6.30-க்கு. நான் கண்ணை எடுக்கவில்லை. 6.45, 7.00, 7.15. துளையில் ஒரு நிழல்கூட அசையவில்லை. 7.30-க்கு இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பினோம். இரண்டிலும் பூஜ்யம். கண்டாச்சிபுரம் கிடங்கு மாதிரியே வெயிலுக்குப் போய்விட்டன என்று சொல்லி, படிவத்தைப் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் மாமியார் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுகூட நினைத்தேன். படிவத்தின் ஒரு நகலை ஆரோக்கியசாமியின் கையில் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவரே சாரம் ஏறி, செங்கல் வைத்துத் துளையை அடைத்து, சிமெண்டு பூசினார்.

வியாழக்கிழமை காலை 6.05-க்குச் சவரியம்மாள் கைபேசியில் அழைத்தார்.

"ஐயா, பீடத்துக்கு மேல சத்தம் கேக்குதுங்க. கீச்சு கீச்சுன்னு. நேத்து பொழுது சாயறப்பவே லேசா கேட்டுச்சு, எலின்னு உட்டுட்டன். இது எலி இல்லீங்க. நெறைய இருக்குதுங்க."

நான் நாட்குறிப்பை எடுத்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். மாமியார் கொடுத்த காபி முதல் பேருந்து எண் வரை எல்லாம் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: '6.10. தெற்குச் சுவரை நோக்கிப் பெரிய போகஸ் விளக்கு, சுவர் முழுக்க சீரியல் விளக்கு. சோதனை பார்க்கிறார்கள். கல்யாண வீடு போல் இருக்கிறது என்கிறார் ஜாபர் பாய்.' நாட்குறிப்பில் எழுதியதைப் படிவத்தில் எழுதவில்லை. எழுதக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதும் பழக்கம் எனக்கு ஆலையிலும் கிடையாது.

டீச்சரை அழைத்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் திட்டவில்லை. விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். எத்தனை மணிக்கு அணைத்தார்கள் என்று கேட்டார். ஆரோக்கியசாமியிடம் விசாரித்து, ஒன்பதரைக்கு என்று சொன்னேன்.

"வாசல்ல அவ்வளவு வெளிச்சம் இருந்தா பருந்து, ஆந்தைக்குப் பயந்து வெளிய வராதுங்க சார். ஒன்பதரைக்கு விளக்கு அணைஞ்சதும் போயிருக்கும். விடியறதுக்குள்ள திரும்பி வந்திருக்கும். ஏழு மணிக்கு நாம அடைச்சிட்டோம்."

"நான்தான் டீச்சர். உங்களுக்கு விளக்கு விஷயமே தெரியாதே."

"நான் கேக்கலையே சார். 'சரி'ன்னு போட்டது நான்தானே? நீங்க கோயிலுக்குப் போங்க, நான் பஸ் புடிச்சி வந்துடறேன்."

பேருந்தில் போகும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வௌவாலை நான் முதன்முதலில் கவனித்ததே விளக்கடியில்தான். விளக்கு என்றால் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை என்று பதினொரு ஆண்டுகளாக நம்பியிருந்தேன். கடை வாசலில் விளக்கு இருந்தால் போவதும், வீட்டு வாசலில் இருந்தால் வெளியே தலைகாட்டாமலிருப்பதும் ஒரே பிராணி என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் போனபோது ஆரோக்கியசாமி கோயில் முற்றத்தில் தோரணம் கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து நான் கொடுத்த நகலை எடுத்து விரித்தார்.

"இதுல இன்னா மாமா எழுதிக்கீது?"

"பூஜ்யம்."

"கையெழுத்து ஆருது?"

"என்னுதுதான்."

"அப்ப தப்பா எண்ணிட்டீங்க."

"இல்ல. எண்ணினது சரிதான். அடைக்கலாம்னு சொன்னதுதான் தப்பு."

"கேட்டுக்கங்கப்பா, எண்ணுனது ரைட்டாம், சொன்னது ராங்காம்!" என்று தோரணம் கட்டுகிறவர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். "மாமா, நாளன்னிக்குத் தேர். வெள்ளையடிச்சி முடிச்சாச்சு. இப்ப போயி சொவத்த ஒடைன்னா எப்டி? வெளியூர்லருந்து ஜனங்க வருது. கமிட்டில எவன் எங்கிட்ட இன்னா கேப்பான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். கமிட்டி கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். "இன்னொரு கையெழுத்தா?" என்றார் அவர்.

அப்போது சவரியம்மாள் துடைப்பத்தோடு படியில் வந்து நின்றார்.

"டேய் ஆரோக்கியம், பீடத் துணிய தோய்க்கறது நீயா நானா?"

"நீதான், அதுக்கு இன்னா இப்ப?"

"அந்த நாத்தத்துல கைய உட்டவளுக்கே இல்லாத ரோசம் உனக்கு இன்னாடா? அதுங்க மேல கத்திக்கினு சாவுதுங்க. நான் கீழ நின்னுக்கினு பூசைக்கு மணி அடிக்கணுமா? ஏறி ஒடைடா."

ஆரோக்கியசாமி நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு உளியும் சுத்தியும் கொண்டுவரச் சொன்னார்.

பதினோரு மணிக்குச் செங்கல் பெயர்ந்தது. துளையிலிருந்து வந்த சூடு சாரத்தில் நின்ற எங்கள் முகத்தில் அடித்தது. செங்கல்லை ஒட்டி நான்கு வௌவால்கள் செத்துக் கிடந்தன. வழியைத் தேடி அங்கேயே முட்டியிருக்க வேண்டும். அதற்குள் ஜாபர் பாயோடு வந்துவிட்ட டீச்சர், வெறுங்கையால் தொடக்கூடாது என்று கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். நான்கும் பெண், நான்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தவை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததில் உத்திரமும் ஓட்டுச் சட்டமும்தான் தெரிந்தன. குட்டிகள் உள்ளே எங்கோ மூலையில் இருந்தன. காலையில் கேட்ட கீச்சுச் சத்தம் பதினொன்றரைக்குள் முழுதும் அடங்கிவிட்டது.

"தூங்குதா, டீச்சர்?" என்றார் ஜாபர் பாய்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தாய்ங்க ஒரு நாளைக்கு மேல தண்ணி குடிக்கல, பூச்சி தின்னல. பால் இருந்திருக்காது." அவர் துளையைப் பார்த்தபடியே சொன்னார்: "பெரியதுங்க சாயந்திரம் எப்படியும் வெளிய வரும். அது பெருசில்ல. குட்டி உயிரோட இருந்தா, தாய் வயித்த கொஞ்சம் ரொப்பிக்கிட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரத்துல பால் குடுக்கத் திரும்பி வரும். குட்டி போயிருந்தா விடியறவரைக்கும் வரத் தேவையில்ல. வெளிய போறதை எண்ணறதைவிட, உள்ள வர்றதைப் பாக்கணும்."

அதற்குத் தெற்குச் சுவர் இருட்டாக இருக்க வேண்டும். அன்று மாலை நவநாள் பூசை. ஊரே முற்றத்தில் கூடும் நேரம். ஆரோக்கியசாமி பங்குச்சாமியாரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். கோயிலுக்குள் விளக்கு இருக்கட்டும், வெளியே 6.15 முதல் 7.30 வரை எல்லா விளக்கையும் அணைக்கலாம், அதுவரை வெடியும் மேளமும் வேண்டாம் என்று முடிவாயிற்று. "ஏழரை. அதுக்கு மேல ஒரு நிமிசம் கூட இல்ல மாமா" என்றார்.

பூசைக்கு வந்தவர்கள் செய்தி கேட்டு முற்றத்தின் தென்பக்கம் வந்து நின்றார்கள். சிரிப்பும் பேச்சும் கொஞ்ச நேரம் இருந்தன, பிறகு தானாக அடங்கின. நானும் ஜாபர் பாயும் சுவரிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தோம். டீச்சர் எங்களுக்குப் பின்னால் நின்றார். ஆரோக்கியசாமி என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வௌவால் 6.41-க்கு வந்தது. துளையின் விளிம்பில் கொஞ்சம் நின்று, கீழே விழுவது போல் இறங்கி, புளியந்தோப்புப் பக்கம் திரும்பிப் போயிற்று. பிறகு இரண்டு, பிறகு ஐந்தாறாக வந்தன. இத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. 7.04-க்கு வரவு நின்றது. என் வலது கை எண்ணியில் நூற்று ஐம்பத்தெட்டு.

அதன்பின் காத்திருந்தோம். 7.10. 7.15. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. 7.20. துளை கறுப்பாக அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இதே துளையைத்தான் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒன்றும் வரக்கூடாது என்று ஆசைப்பட்டேன். இன்று ஒன்றாவது வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எண்ணுகிறவன் இரண்டுக்கும் ஆசைப்படக்கூடாது. ஆரோக்கியசாமி கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது.

7.26-க்குத் தோப்புப் பக்கமிருந்து ஒன்று வந்தது. சுவருக்கு முன்னால் இரண்டு சுற்று சுற்றியது. துளைக்குள் நுழைந்தது. உடனே வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. 7.28-க்கு இன்னொன்று. அதன் பின்னாலேயே இரண்டு. பலகைக்கு மேலே எங்கோ, மிக மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று எழுந்து, அதனோடு இன்னொன்று சேர்ந்தது. சவரியம்மாள் முகத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்ணே, ஏழரை ஆயிடுச்சு! போட்டுடட்டா?" என்று மோட்டார் கொட்டகையிலிருந்து விளக்குக்காரர் கத்தினார்.

ஆரோக்கியசாமி துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்னு இர்றா. இன்னும் வந்துக்கினு கீதுங்க."

7.52 வரை அறுபத்தொன்று திரும்பியிருந்தன. அப்போதுதான் விளக்கு போட்டார்கள், வடக்குப் பக்கம் மட்டும்.